பேச்சு வாங்கிய ஞாயிறு

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். இதைவிடக் கொடுமை வேறில்லை.

பக்கவாதம் வருவதற்கு முன் நான் வேறு பிரேமலா. ஜொகூரில் தம்போய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே என் சத்தம் கேட்கும். அங்கிருந்த பெண்கள் எனக்கு வைத்த பெயர் மைக்செட். வீட்டுக்கு வந்தால் மிச்சச் சண்டை என் கணவர் குகநாதனோடு. அவர் சிலோன்காரக் குடும்பம். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பாலோ பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவள். ஆமாம் என்பதை 'ஓம்' என்றும் சீக்கிரம் என்பதை 'கெதியா' என்றும் சொல்கிற அவருடைய தமிழை நான் கேலி செய்வேன், என் குழம்பை அவர் கேலி செய்வார். இப்படிச் சண்டை போட்டே இத்தனை வருஷம் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்திவிட்டோம்.

இப்போது என் வலது கை மடியில் சும்மா கிடக்கிறது. அதைக்கூட மன்னித்துவிடுவேன். வாயைத்தான் மன்னிக்க முடியவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே தயாராக நிற்கிறது. வெளியே வருவதற்குள் காலை நேரத்து ஜொகூர் பாலத்து நெரிசல்தான்.

அதனால் குகநாதன் மாறிப்போனார். நான் எதைச் சொன்னாலும் "ஓம்" என்கிறார். வேண்டுமென்றே வியாழக்கிழமையை ஞாயிறு என்றேன். அதற்கும் ஓம். கொட்டுகிற மழையைக் காட்டி "வெயில்" என்றேன். "ஓம், வெயில்தான்" என்று குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், என்னைக் கோபப்படுத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். பார்க்க வருகிறவர்களும், "அக்கா இப்ப எவ்ளோ அமைதி லா" என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். யாரைக் கேட்டு என்னை அமைதியாக்கினார்கள்? அந்தப் பழைய வாயாடியை நினைத்து நான் ஏங்கிச் சாகிறேன்.

போன ஞாயிறு மத்தியானம் அவர் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தார். அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த கைப்பக்குவம். ஒரு வாய் சாப்பிட்டேன். என்னிடமிருந்த கடைசி வெடியை எடுத்தேன்.

"உங்க... அம்மா... சொதி... தண்ணி."

முன்பெல்லாம் இதைச் சொன்னால் இரண்டு நாள் வீடு அதிரும். அவர் அடுப்படியில் நின்றபடியே, "ஓம், கொஞ்சம் தண்ணிதான்" என்றார்.

பெற்ற தாயையே விட்டுக்கொடுத்துவிட்டார்! இடது கையால் தட்டைத் தள்ளினேன். சொதி மேசையெல்லாம் ஓடியது.

"பே... பேசுங்க!" என்றேன்.

எங்கள் வீட்டில் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். எனக்குப் பேசுவது என்றால் பேசுவதுதான். அவர்களுக்கு அது திட்டுவது. சாதாரணமாகப் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். கல்யாணமான புதிதில், "ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று அழுதேன். "நீர் ஒரு பிழையும் செய்யேல்லையே, ஏன் பேச?" என்று மனுஷன் திருதிருவென்று விழித்தார்.

இப்போதும் அப்படித்தான் விழித்தார்.

"உம்மை நான் ஏனப்பா பேச?"

"பேசுங்க."

அடுப்பை அணைத்தார். மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தவர் அதைத் தரையில் வீசினார். அவர் எதையும் வீசி நான் பார்த்ததில்லை.

"என்னத்தைப் பேச? ஓம் ஓம் எண்டு சொல்லி எனக்கு வாய் புளிச்சுப்போச்சு! நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? இந்த வீட்டில என்னைத் தனிய விட்டிட்டு எங்கையடி போனனீ?"

அவர் என்னை 'அடி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை முட்டியது, ஆனால் அதைவிடப் பெரியதாக ஒரு பதில் உள்ளே முட்டியது. எவ்வளவு காலமாகிவிட்டது! அதை விடக்கூடாது என்று பல்லைக் கடித்துத் தேடினேன். அவரும் எடுத்துக் கொடுக்காமல், கோபம் குறையாமல் நின்றார்.

"பா... பாசாருக்கு," என்றேன். "மீன்... வாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்ததோ அழுகை வந்ததோ, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒரு மீன் வாங்க இவ்வளவு நேரமே?" என்றார். பிறகு என் செத்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"கெதியா வாரும்."