ஏழாம் விதி: துளையை அடைக்கக் கூடாது

1

மனிதகுலம் நெருப்பை அடக்கிய நாளில்தான் நாகரிகம் பிறந்தது. கல்லில் உரசி, காற்றில் காத்து, வேள்வியில் வளர்த்த அந்தப் பெருந்தீயை இன்று உருளைக்குள் அடைத்து, ஒரே திருகில் நாம்

(வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். இதை எழுதிக்கொண்டிருந்தபோது, நாகலூர் மலைக்கிராமத்தில் என் எதிரே இருந்த அடுப்பில் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க முடியவில்லை.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வண்டிக்குள் ஒட்டுவதற்கு ஒரு பக்க அறிவிப்பாகப் பிறந்தது.

பூவாயி பதினெட்டு வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். கணவர் வேடியப்பன் அங்கேயே லாரி ஓட்டியவர். இருவரும் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், தண்ணீர்த் தொட்டி, இரட்டை அடுப்பு எல்லாம் பொருத்தி, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் கேரவனாக மாற்றியிருக்கிறார்கள். நாளை காலை பத்து மணிக்குச் சுற்றுலாத் துறை அதிகாரி பார்க்க வருகிறார். அடுப்பு எரிய வேண்டும். கேஸ் கையாளும் விதிகள் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் சான்று கிடைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை பூவாயி மறுபடி இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போக வேண்டியதுதான்.

"ஏனுங்க, நீங்க பொஸ்தகமெல்லாம் போட்டவீங்க. பத்து வரி எழுதித் தர மாட்டீங்களா?" என்றார் பூவாயி.

பத்து வரியா! என் முன்னுரைகளே நாற்பது பக்கம் போகும்.

2

முதல் தொடக்கம்: "அக்கினியே! உன்னை வணங்கித் தொடங்குகிறோம்."

"இது கல்யாணப் பத்திரிகைங்களா?" என்று கேட்டார் வேடியப்பன்.

இரண்டாம் தொடக்கம்: "ரெகுலேட்டர் எனப்படுவது யாதெனில்"

பூவாயி கொட்டாவி விட்டார்.

மூன்றாவது அவரே சொன்னது: "சிலிண்டர்ல கேஸு முட்டிக்கிட்டு நிக்குதுங்க. அத்தன வேகம் அடுப்புக்கு ஆவாது. நடுவுல நின்னு, கொஞ்சங்கொஞ்சமா உடறதுதான் ரெகுலேட்டரு. பழம் எடை போடறப்ப வரிசைய நிறுத்தி கணக்கெழுதற ரைட்டர் ஒவ்வொருத்தரா உடுவாருல்லீங்க, அப்பிடி."

எழுதிக்கொண்டேன். இந்தக் கதையில் உருப்படியான உவமை எதையாவது கண்டால், அது என்னுடையதல்ல.

3

சிக்கல் அடுப்பில். பற்றவைத்தால் நீலமாகத் தொடங்கி, கடுகளவாகச் சுருங்கி, அணைந்துபோனது. சிலிண்டர் புதிது. போன வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டபோது இதே அடுப்பில்தான் பால் பொங்கியது. பால் பொங்கிய கையோடு வண்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன: சக்கரம், ஸ்டீயரிங், கண்ணாடி, சிலிண்டர், ஒன்று விடாமல். (யார் வைத்தார் என்பது கதைக்குத் தேவையில்லை.)

இப்போது ஞானசுந்தரம் வருகிறார். இந்தப் பாத்திரம் வேண்டுமா என்று எனக்கே சந்தேகம். கதைக்கு ஒரு பந்தாப் பேர்வழி போதும், நான் ஏற்கனவே இருக்கிறேன். ஆனால் பக்கத்து பங்களாவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரை யார் தடுக்க முடியும்?

"உயரம்!" என்றார் ஞானசுந்தரம். "நாம நாலாயிரத்து ஐந்நூறு அடி மேல இருக்கோம். நெருப்புக்கும் மூச்சு வாங்கும்."

"அதே ஒசரத்துலதானுங்க சார் எங்கூட்டு அடுப்பும் எரியுது," என்றார் வேடியப்பன்.

"அப்போ குளிர். புரொப்பேன் வாயுவே நடுங்கும்." தன் குரங்குக் குல்லாவைக் கழற்றி, சிலிண்டரின் தலைக்கு, ரெகுலேட்டரையும் சேர்த்து, மாட்டிவிட்டார். சிலிண்டர் ஏதோ வாக்கிங் கிளம்பியதுபோல் இருந்தது. பற்றவைத்தோம். அணைந்தது.

"வெளிநாட்டு ரெகுலேட்டர்தான் வரவழைக்கணும். ரெண்டு மாசம் ஆகும்," என்று தீர்ப்பு சொன்னார்.

பூவாயி வண்டிப் படிக்குப் பக்கத்தில் கிடந்த பழக்கூடையை ஒருமுறை பார்த்தார்.

(இந்த இடத்தில் நெஞ்சை உருக்கும் பத்தி ஒன்று இருந்தது. பூவாயியிடம் படித்துக் காட்டினேன். "நானெங்கீங்க அழுதேன்?" என்றார். எடுத்துவிட்டேன்.)

4

வேறு வழியில்லாமல் விதிகளுக்கே திரும்பினேன். ரெகுலேட்டரோடு வந்த கையேட்டில் எறும்பு வரிசையாக ஆங்கிலம். ஏழாம் விதியைத் தமிழாக்கி, எழுந்து நின்று, மேடைக் குரலில் வாசித்தேன்:

"ரெகுலேட்டரின் முகப்பிலுள்ள நுண்துளை வழியே அதன் உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வு சுவாசிக்கிறது. அத்துளை எக்காலத்தும் எப்பொருளாலும் அடைபடலாகாது!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

"தொளை எங்கீங்க இருக்குது?" என்றார் பூவாயி.

"பொதுவாக முகப்பில்…"

"பொதுவா இல்லீங்க. இதுல."

வண்டியின் பின்பக்கம் போனோம். பூவாயி சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, குல்லாவைத் தூக்கினார். துளை இருக்க வேண்டிய இடத்தில் காசளவு சந்தனப் பொட்டு, காய்ந்து கல்லாகி, நடுவில் குங்குமத்தோடு.

பூவாயி கணவரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க. நெத்தின்னு நெனச்சு மூக்குல வெச்சிருக்குது."

யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. அது அவர் பெருந்தன்மை.

வேடியப்பன் ரெகுலேட்டரைக் கழற்றி, ஈரத்துணியால் பொட்டை ஊறவைத்துத் துடைத்து, திரும்ப மாட்டினார். கசிவு பார்க்க மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. பற்றவைத்தார். நீலம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.*

"அடைப்புதான்னு நான் அப்பவே நெனச்சேன்," என்றபடி ஞானசுந்தரம் குல்லாவை வாங்கிக்கொண்டார்.

* சந்தனம் உள்ளேயும் இறங்கியிருக்கலாம் என்று, புது ரெகுலேட்டர் வாங்க வேடியப்பன் மத்தியானப் பஸ்ஸில் சேலம் போயிருக்கிறார். வாசகர்கள் பதற வேண்டாம்.

5

முடிவுகள்.

அ) அதிகாரி நீலச்சுடரைக் கண்டு கண்கலங்கி (நீக்கம். அதிகாரிகள் அப்படியெல்லாம் கலங்குவதில்லை.)

ஆ) அதிகாரி வரவே இல்லை. ("நல்ல வாக்கா எழுதுங்க," என்றார் பூவாயி. நீக்கம்.)

இ) அதிகாரி வருகிறார், டீ குடிக்கிறார், ஏழாம் விதிக்கு முன் நின்றுவிடுகிறார். அதைப் பூவாயி என்னிடமிருந்து பிடுங்கித் திருத்திவிட்டார். இப்போது அது இப்படி இருக்கிறது: "இந்தத் தொளைய அடைக்காதீங்க. பொட்டுகூட வெக்காதீங்க." படித்துவிட்டு அதிகாரி

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவர் வருவது நாளை. நான் எழுதுவது இன்று. மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டை மட்டும் மாற்றாதீர்கள், அவை நடந்தவை: வலது அடுப்பில் டீ கொதிக்கிறது. பழக்கூடையைக் கழுவிக் காயவைத்து வண்டிக்குள் கொண்டுபோய்விட்டார் பூவாயி. அதில் இப்போது வெங்காயம் கிடக்கிறது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை பூஜைக்குச் சிறப்பு விருந்தினர் நான். சந்தனக் கிண்ணம் என் கையில்தான் இருந்தது.