நான்காம் லைனில் முறிந்த ஊசி

காலைத் தேநீருக்கு மணி அடிக்கும் முன்னால் ராகினியின் ஊசி முறிந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. துணி நகராமல் நின்றபோதுதான் குனிந்து பார்த்தாள். தண்டு மெஷினில் இருந்தது, முனையைக் காணவில்லை.

காமன்ட் என்கிற ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் இல்லை. ஊசி முறிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒரு தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைனில் தைத்த எதுவும் இடத்தைவிட்டு அசையாது. அவர்கள் தைத்துக்கொண்டிருந்ததோ கைக்குழந்தைச் சட்டை.

வேறொரு நாளாக இருந்தால் தேடிக்கொண்டே இருந்திருப்பாள். ஆனால் வெளிநாட்டு ஓடர் குறைந்துவிட்டது. மூன்றாம் லைன், நான்காம் லைன் இரண்டில் ஒன்றை இந்தக் கிழமையோடு மூடப்போவதாக முகாமையாளரே சொல்லியிருந்தார். கூடுதலாகத் தைக்கிற லைன் தப்பும். இன்று கடைசி நாள். ராகினியின் நான்காம் லைனைவிட மூன்றாம் லைன் கொஞ்சம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

ராகினியின் அம்மா வெள்ளையம்மா, கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறாள். மழை பெய்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. இந்த மாதம் முழுக்க வானம் மூடியே கிடந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுப்பு எரிந்ததென்றால் ராகினியின் சம்பளத்தில்தான் எரிந்தது.

பின்னாலிருந்து மீனாம்பாள் குரல் கொடுத்தாள். "என்னாடி, மெஷினுக்கு பூச பண்றியா? கைய ஆட்டு."

"ஊசி முறிஞ்சிருச்சுக்கா. முனைய காணோம்."

"இன்னைக்கின்னு பாத்து முறிச்சியே மகராசி. மூணாம் லைன்காரி சம்பளம் குடுத்தாளா ஒனக்கு?"

யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து மெஷினில் இருந்த இஸ்ரா தலை நிமிராமலே பேசினாள். அவளுடைய கணவர் அப்துல் ரஸாக் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். "இஞ்ச பாரு புள்ள. எங்கட கடை ஊசி முனை ஒண்டு எனக்கிட்ட ஈக்கி. நூல்கட்டைக்குள்ள வெச்சீக்கேன். அத ஒட்டிக் காட்டு."

"தெரிஞ்சிருச்சின்னா?"

"ஆரு பொருத்திப் பாக்குற? நான் முந்தியும் செஞ்சீக்கேன். ஒண்ட முனை நெலத்துலதான் உழுந்தீக்கும். கூட்டுறப்ப போயிரும்."

லைனை மேற்பார்க்கும் சுபவைசர் நிலந்தி மிஸ் வந்து நின்று கை நீட்டினார். "கோ நங்கி, அனித் கெல்ல?" மற்றத் துண்டு எங்கே என்று கேட்டார்.

ராகினி இஸ்ரா தந்த முனையோடு உள்ளங்கையை விரித்தாள். அவர் முனையைப் பார்த்ததைவிடச் சுவர் மணிக்கூட்டைத்தான் அதிகம் பார்த்தார். தாளில் ஒட்டிவிட்டுப் புது ஊசியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான்காம் லைன் பேய் பிடித்தது போல் ஓடியது. மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு வந்தவர்களும் உண்டு. வெயில் சாயும் நேரம் மூன்றாம் லைனை முந்திவிட்டார்கள். மீனாம்பாள் ஒரு டொபியை ராகினியின் மடியில் எறிந்தாள். "இந்தா தின்னு. காலையில திட்டினது தொண்டையிலயே நிக்கிது."

ராகினி அதைப் பிரித்து வாயில் போடும்போது பெட்டி அடைக்கும் பக்கம் மணி அலறியது. துணிக்குள் இரும்பு இருந்தால் காட்டிக்கொடுக்கிற மெஷின் அது. சிவப்பு விளக்கு அணையவே இல்லை. பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு சட்டையாகத் திரும்பவும் விட்டார்கள். ஒரு மஞ்சள் சட்டையில் மணி அலறியது. பிள்ளையின் பிடரி படுகிற இடத்தில், மடிப்புத் தையலுக்குள் முனை குத்தி நின்றது. நான்காம் லைனில் கழுத்துத் தைப்பவள் ராகினிதான்.

காலையில் நிலந்தி மிஸ் ஒட்டிய தாளோடு முகாமையாளர் வந்தார். தாளில் ஒரு முனை. சட்டையில் ஒரு முனை. வேறு ஊசி எதுவும் அன்றைக்கு முறியவில்லை.

"இதைக் கொடுத்தது யார்?" என்று தாளில் இருந்த முனையைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

இஸ்ராவின் மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் துணியே இல்லை.

கீழே கிடந்தது, என்னுடையது என்று நினைத்து எடுத்தேன் என்று ராகினி சிங்களத்திலேயே சொன்னாள். முகாமையாளர் அதட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான்காம் லைன் தைத்த எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். கூப்பிடும்வரை அந்த லைனில் யாரும் வேலைக்கு வரவேண்டாம் என்றார். கூப்பிடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

திரும்பும் வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தது. மீனாம்பாள் மட்டும் ஒருமுறை திரும்பினாள்.

"புள்ள கழுத்துல ஏறியிருந்தா என்னாடி செஞ்சிருப்ப?"

ராகினி தன் பிடரியைத் தடவிக்கொண்டாள். அழுகை வரவில்லை.

டவுனில் இறங்கும்போது இஸ்ரா அவள் காதருகே குனிந்தாள். "என்ட பேர சொல்லிராத புள்ள. வேற காமன்ட்லயும் எடுக்க மாட்டாங்க." பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள்.

எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற வேன்காரன் ஸப்ரி, இறங்குகிற ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான். "திங்கக்கிழம வரணுமா, வேணாமா?" சிலர் தலையை ஆட்டினார்கள். சிலர் கதவை அடித்துச் சாத்தினார்கள்.

தோட்டத்துப் பாதை முகப்பில் வெள்ளையம்மா பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் வெட்டு இல்லை. மகளைக் கண்டதும் தாளின் ஒரு பாதியை விரித்துப் பிடித்தாள்.

"தங்கச்சி, நீங்க சொல்லுங்க. திங்கக்கிழம வரணுமா?" ஸப்ரி கேட்டான்.

அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேனுக்குள் மீனாம்பாள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"வாங்க நானா," என்றாள் ராகினி. "எப்பவும் வார நேரத்துக்கே வாங்க."