பன்னிரண்டாம் நம்பர் கேபிள்

பன்னிரண்டாவது கேபிளின் மூடியைத் திருகிக் கழற்றிய தாமரைச்செல்வி, "அக்கா, இங்க வந்து பாருங்களேன்" என்றாள். குரலில் அவசரம் இல்லை. இந்துப்ரியா எழுந்து போய்ப் பார்த்தாள். முனையின் நடுவில் நிற்கும் ஊசியைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

திருநகரை ஒட்டிய அந்தப் பட்டறையில் பதினாறு பேர் வேலை செய்தார்கள். வடக்கே ஒரு விமானத் தளத்தில், முப்பது வருஷம் பறந்து களைத்த ராணுவச் சரக்கு விமானங்களுக்குப் புதிதாக வழிகாட்டும் கருவியும், வேறு விமானம் நெருங்கினால் கண்டு கத்துகிற கருவியும் பொருத்திக்கொண்டிருந்தார்கள். விமானத்தின் முதுகில் இருக்கும் ஆன்டெனாவையும் உள்ளே இருக்கும் பெட்டியையும் சேர்க்கிற கேபிள் மட்டும் இங்கே தயாரானது. விமானத்துக்கு ஒன்று. பதினொன்று போய்ச் சேர்ந்து பொருத்தியும் ஆகிவிட்டது; மிச்சம் ஒன்று உபரியாக அலமாரியில் கிடந்தது. பன்னிரண்டையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் இந்துப்ரியா.

முனையை மூக்கருகே கொண்டுபோனாள். சந்தன வாசனை.

ஆயுத பூஜையன்று பன்னிரண்டு கேபிளையும் மேசையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஸ்பேனருக்கும் மீட்டருக்கும் பொட்டு வைத்து முடித்ததும், மூடியின் மேல் வைத்தால் மூடிக்கு வைத்ததாகத்தானே ஆகும் என்று சொல்லிக் கழற்றச் சொன்னவள் இந்துப்ரியாதான். மோதிர விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வாயிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தவளும் அவள்தான். விடுமுறை கழிந்து வந்து, துணியால் துடைத்துவிட்டு, மீட்டரின் இரண்டு ஒயரையும் இரண்டு முனையில் வைத்துப் பார்த்தார்கள். கம்பி அறுபடாமல் இருந்தால் கீ என்று சத்தம் வரும். பன்னிரண்டும் சத்தம் கொடுத்தன.

இப்போதும் வைத்துப் பார்த்தாள். களிம்போடேயே கீ என்றது.

"அதான் சத்தம் வருதேக்கா, அப்புறம் என்ன?"

மீட்டர் அனுப்பும் கரண்டு எதையும் துளைத்துக்கொண்டு போய்விடும், ஆன்டெனா பிடித்துத் தருகிற மெல்லிய சிக்னல் இந்த ஈரத்திலும் களிம்பிலும் பாதி வழியிலேயே செத்துப்போகும் என்று இந்துப்ரியா சொன்னாள்.

முதலாளி வெங்கடசுப்பிரமணியன் கேபிளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்றால் அவர் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுவார். இந்துப்ரியாவும் அந்த வீட்டுப் பெண் மாதிரிதான், அந்த மொழி தெரியும்; அதிலேயே பேசினார். மழைக்காலம், அலமாரியில் ஈரம், இது ஒன்றுக்குத்தான் இப்படி ஆகியிருக்கும் என்றார். நாற்பது நாளாக ஒரு புகார் இல்லை, அடுத்த ஆர்டர் கையெழுத்தாகப் போகிற சமயம் என்றார். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"அவங்களே சும்மா இருக்காங்க. நீயாப் போயி வாயக் குடுக்காதம்மா."

இந்துப்ரியா அவர் மேசையிலிருந்த டெலிபோனை இழுத்து, தளத்தின் நம்பரை அழுத்தினாள்.

எடுத்தவர் வீரணன். உசிலம்பட்டிக்காரர், தளத்தில் இந்தக் கருவிகளுக்குப் பொறுப்பு. சோதனைக்கு வந்தபோது பட்டறையிலேயே இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார். ஊரில் மழை எப்படி, கண்மாய் நிறைந்ததா என்று அவர்பாட்டுக்கு விசாரித்தார். கருவி எப்படி இருக்கிறது என்று இவள் கேட்டாள்.

"அத ஏன் கேக்குற, தங்கச்சி. வேற எடத்துல செஞ்ச கேபிள மாட்டிருந்தப்ப பொழுதன்னைக்கும் கத்தும். பைலட்டுக கொலவெறியில எறங்குவாங்க. ஒங்களத மாட்டுனதுலருந்து ஒரு தடவகூடக் கத்தலையே. அம்புட்டு அமைதி."

ரிசீவரைத் தாண்டிக் கேட்ட அந்தக் குரலில், எதிரில் அமர்ந்திருந்த முதலாளியின் முகம் தெளிந்தது.

"பக்கத்துல போற விமானம் திரையில புள்ளியாத் தெரியணும்லண்ணே. தெரிஞ்சுச்சா?"



"பக்கத்துல ஒண்ணும் வரலன்னு நெனச்சோம்" என்றார் வீரணன்.

அவள் சொன்னாள். தேதியை, மூடி கழற்றியதை, தன் விரலை, பன்னிரண்டாம் நம்பரில் கண்டதை, ஒன்றன்பின் ஒன்றாக. சந்தனமா என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டார். யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டார்.

"நான்தாண்ணே."

முதலாளி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"நாலாம் நம்பர் விமானமும் ஒம்பதாம் நம்பரும் இப்ப மேல இருக்கு" என்றார் வீரணன். குரல் அடியோடு மாறியிருந்தது. "இங்க ஒரே மேகமாக் கெடக்கு. நாலு போகுது, ஒம்பது திரும்பி வருது. ஒரே தடம்."

ரிசீவரை அவர் வைக்கவில்லை, மேசையில் போட்டுவிட்டுப் போனார். நாற்காலி உருளுகிற சத்தம், பூட்ஸ் ஓடுகிற சத்தம். பிறகு யாரோ வயர்லெஸ்ஸில் இந்தியில் இரண்டு விமானங்களையும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பதிலுக்கு வெறும் இரைச்சல்.

பின்னால் வந்து நின்ற தாமரைச்செல்வி என்னவென்று கேட்டாள். இந்துப்ரியா கையைக் காட்டி அடக்கினாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் கரகரத்தது. ஒன்பது பதில் சொல்லிவிட்டது.

நாலை இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.