கடைசிக் காட்சி பஸ்ஸில்

எங்கள் ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸை என் கணவர்தான் ஓட்டினார். டிரைவரும் அவரே, கண்டக்டரும் அவரே. மலையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் இறங்கினால் மெயின் ரோட்டு ஜங்ஷன். காலையில் ஒரு நடை போய்த் திரும்புவார், மாலையில் ஒரு நடை. ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்த காலம் அது. பஸ்ஸில் ஏறுகிறவர்களைவிட பஸ்ஸைப் பார்த்துக் கையசைக்கிறவர்கள் அதிகம்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரு இன்ஸ்பெக்டர் வந்து ஆள் எண்ணுவாராம். ஒரு டிரிப்புலயாவது நாப்பது பேர் ஏறலன்னா ரூட்ட நிறுத்திடுவாங்க. என்னைப் பட்டணத்து டிப்போவுக்கு மாத்திடுவாங்க. ரூமுக்கு நாலு பேராம்."

பட்டணம் பத்து மணி நேரத் தூரம். ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்வது நான்தான்; அதை விட்டுவிட்டுப் போக முடியாது. நான் இல்லாமல் அவருக்குத் தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

கலைவிழா யோசனை அப்படித்தான் பிறந்தது. ஊரை உயிர்ப்பிக்கப் போகிறேன் என்று கூட்டத்தில் பெரிதாகப் பேசினேன்; உள்ளுக்குள் எனக்கு வேண்டியிருந்தது ஒரு பஸ். பூட்டிய வீடுகளைத் திறந்து ஓவியங்கள் மாட்டினோம். மூடிக் கிடந்த மாவு மில்லில் பாட்டு. சந்தைத் திடலில் நாடகம், எழுதியது நான். பட்டணத்திலிருந்து நாற்பத்தாறு பேர் வருவதாகச் சொன்னார்கள். என் கணவரே இன்ஸ்பெக்டரிடம், "அன்னைக்கே வாங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்.

ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. விருந்தாளி வந்தால் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாது. எதிரே போய், பையைப் பிடுங்கி, கையோடு கூட்டிவந்தால்தான் மனம் ஆறும்.

விழா அன்று திடலில் திரை கட்டிக்கொண்டிருந்தேன். டிரம் சத்தம் கேட்டது. என் தம்பியின் டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லரில் மெத்தை விரித்து, பூ மாலை தொங்கவிட்டு, நாற்பத்தாறு விருந்தாளிகளும் ராஜாக்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். சந்தோஷமாக எண்ணினேன். எண்ணி முடித்ததும்தான் பஸ் ஞாபகம் வந்தது.

கால் மணி நேரம் கழித்து பஸ் வந்தது. உள்ளே என் கணவர், இன்ஸ்பெக்டர், ஒரு கட்டு செய்தித்தாள்.

"ஏண்டா மாப்ள, என் பாசஞ்சரையெல்லாம் அள்ளிட்டு வந்துட்டியே!"

"விருந்தாளிய ஜங்ஷன்ல நிக்க வெக்கறதா மாமா? ஊர் மானம் என்ன ஆகறது?"

"மானம் இருக்கும்டா. பஸ்தான் இருக்காது."

தம்பியின் முகம் சுருங்கியது. இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் ஒரு முட்டை போட்டார். "சாயங்கால டிரிப் ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் எண்ணிட்டுப் போயிடுவேன்" என்றார்.

அதிலாவது தப்பிக்கலாம் என்று நினைத்தேன். மத்தியானம் ஒரு அம்மா தம்பியிடம், "திரும்பிப் போறப்பவும் டிராக்டர்தானே?" என்று கேட்டார். ஜென்மத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவன் அவன். "அதுக்கென்னம்மா, தாராளமா!" என்றான்.

நான் முறைத்தேன்.

"வாயில வந்துடுச்சுக்கா. ரிப்பேர்னு சொல்லிடட்டுமா?"

"காலையிலேர்ந்து ஊரைச் சுத்திச் சுத்தி ஓட்டிட்டிருக்க. இப்ப ரிப்பேரா? யாருடா நம்புவா?"

நாடகம் நாலரைக்குத் தொடங்கியது. ராஜாவாக முடிதிருத்துபவர், மரமாகத் தபால்காரர். நாட்டின் ஒரே மரத்தைத் தன் ஜன்னலை மறைக்கிறது என்று ராஜா வெட்டப் போகிறார். வெட்டுவாரா மாட்டாரா என்பதுதான் கதை. நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். ராஜா கோடரியை ஓங்கிய நேரம், பஸ் கிளம்பப் போகிறது என்று என் கணவர் ஹாரன் அடித்தார். விருந்தாளிகள் திரும்பி டிராக்டரைத் தேடினார்கள்.

மேடை ஏறியே பழக்கமில்லாத நான் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

"கடைசிக் காட்சி பஸ்ஸுல நடக்கும்!" என்று கத்தினேன்.

ஓங்கிய கோடரியோடு ராஜா என்னைப் பார்த்தார். "என்னது? எனக்கே சொல்லலையே!"

அதையும் வசனம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பிறகு ஓடியது.

மரம் பஸ் வாசலில் மாட்டிக்கொண்டது. கிளைகளைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். இன்ஸ்பெக்டர் விரல் நீட்டி எண்ணினார்.

"இருபத்தொம்பது... அசையாதீங்கம்மா... முப்பது... இந்த மரத்தை எண்ணலாமா?"

"டிக்கெட் வாங்கிடுச்சு சார்" என்றார் என் கணவர்.

"ஊர்க்காரங்க சும்மா கூட்டம் காட்ட வருவீங்க. அதெல்லாம் சேராது."

ஊர்க்காரர்களைக் கழித்து மறுபடி எண்ணினார். நாற்பத்தைந்து. ஒரு பெரியவர் மட்டும் எதற்கும் மசியாமல் டிராக்டரில் வந்தார்.

நான் எழுதிய கடைசிக் காட்சி நடக்கவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ராஜா நிலைதடுமாறி மரத்தின் மேல் விழுந்தார். ஆறாவது வளைவில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன்னை விட்டா எனக்கு வேற பிடிமானம் ஏது!" என்றார். பஸ்ஸே அதிரச் சிரித்தார்கள். அது என் வசனமில்லை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

ஜங்ஷனில் இறங்கும்போது இன்ஸ்பெக்டர் தயங்கி நின்றார். "அப்ப மரத்தை வெட்டலதானே?" என்று உறுதி செய்துகொண்டு போனார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. ரூட் தொடரும். அதை என் கணவர் எனக்கு ஒருமுறையும், தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு முறையும் வாசித்துக் காட்டினார். பூட்டிய வீடுகளில் இரண்டுக்கு ஓவியர்கள் குடிவந்தார்கள். விழா வருடந்தோறும் நடந்தது.

என் கணவர் மேலும் ஒன்பது வருடம் அந்த பஸ்ஸை ஓட்டினார். போன மழைக்காலத்தில் கண்மூடும்வரை, ஒரு ராத்திரிகூட அவர் வேறு ஊரில் படுத்ததில்லை.