மீன் தண்ணி வடியும் வேன்

வேன் கதவைத் திறந்ததும் பாஸ்கல் மூக்கைப் பொத்திக்கொண்டான். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எலக்ட்ரீஷியனுக்கு மீன் நாற்றம் புதிதா என்ன? இது வேறு. ஐஸும் மீன் ரத்தமும் தரைப்பலகையில் ஊறி ஊறி அழுகிய நாற்றம்.

மீன் லோடு அடிக்கும் அந்த வேன் குணசேகரனுடையது. ஒயரெல்லாம் கிழடு. இன்ஜின் சூடானால் ஸ்டார்ட்டர் சுற்றாது, ஆள் வைத்துத்தான் தள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து நடுவில் ரிலே என்ற சின்ன சுவிட்சுப் பெட்டி ஒன்று போட்டால் சரியாகும் என்று பாஸ்கல்தான் சொன்னான். சொன்னதோடு சரி. அவன் வருவதற்குள் டிரைவர் ஜெயவேலே ஒன்றை மாட்டிவிட்டான். இப்போது ஒரு நேரம் எடுக்கிறது, ஒரு நேரம் எடுப்பதில்லையாம்.

பாஸ்கல் சீட்டைத் தூக்கினான். பேட்டரிக்குப் பக்கத்தில், மீன் தண்ணி வடிகிற ஓட்டைக்கு மேலேயே, ரிலே சணல் கயிற்றில் தொங்கியது. அதன் மேலெல்லாம் செதில். முனைகளில் பச்சைக் களிம்பு. ப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாள்.

"தூ! இன்னாடா இது, ரிலேவா, நெத்திலிக் கொயம்பா?"

"ஓடிக்கினுதான கீது மாமு," என்று ஜெயவேல் பல்லைக் காட்டினான்.

"கலீஜ். வண்டி கியர்ல கீதா?"

"ரிவர்ஸ்ல. ஹேண்ட் பிரேக்கு எப்பவோ பூட்ச்சி. கியர்ல வுட்டாத்தான் நிக்கும்."

"மொதல்ல நியூட்ரல் பண்ணி, சக்கரத்துக்குக் கல்லு வெய்யி. நான் பேட்டரி ஒயர கயட்டுறேன். அதுவரிக்கும் எத்தயும் தொடாத."

பாஸ்கல் ஸ்பேனரை வைத்து நட்டைத் தளர்த்தினான். ஜெயவேல் கல் தேடப் போகவில்லை. அந்தப் பக்கக் கதவு வழியாகக் கையை விட்டு, "இந்த ஒயருதான லூஸு?" என்று இழுத்தான். தோலுரிந்த ஒயர் பேட்டரி முனையில் பட்டது.

கர்ர்ர் என்று ஸ்டார்ட்டர் சுற்ற, ரிவர்ஸ் கியரில் இருந்த வேன் பின்னால் துள்ளியது.

வேனின் பின்பக்க நிழலில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் மீன்காரி சிலுவையம்மாள்.

"ஐயோ, மாதாவே!" என்று அவள் அலறினாள்.

பாஸ்கல் வெறுங்கையால் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். வேன் நின்றது. இறங்கி ஓடிப் பார்த்தான். கூடை நசுங்கிக் கிடந்தது. சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு வஞ்சிர மீன்தான் இருந்தது, அதுவும் கூழாக.

டீக்கடையிலிருந்து குணசேகரன் ஓடிவந்தான். "பாத்தியா, வண்டி இன்னா இஸ்ப்பு இஸ்க்குது! வேல செய்யுதுடா!"

அந்தப் பேச்சுக்கு வேன் நாற்றமே தேவலை என்றிருந்தது பாஸ்கலுக்கு.

"உன் ஆயி காலு மேல ஏறியிருந்தா இப்டி பேசுவியா நைனா?" என்று சிலுவையம்மாள் எழுந்தாள்.

பாஸ்கல் அந்த ரிலேவைச் சாக்கடையில் வீசிவிட்டு, தன் பையில் கொண்டுவந்த புதிதை ஈரம் எட்டாத உயரத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். நல்ல ஒயர், ஒழுங்கான ப்யூஸ், ஒயர் உரசுகிற இடத்தில் ரப்பர். எல்லாம் முடிந்தும் பேட்டரியின் எர்த் ஒயரை மட்டும் மாட்டவில்லை. முழுசாகக் கழற்றிச் சுருட்டிச் சிலுவையம்மாளிடம் நீட்டினான்.

"யக்கா, இத்த வெச்சிக்கோ. இது இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆவாது. ஹேண்ட் பிரேக்கு புடிக்கிறத உன் கண்ணால பாத்தப்புறம் குடு."

"டேய், சாயங்காலம் லோடு கீதுடா!" என்று குணசேகரன் கத்தினான்.

சிலுவையம்மாள் ஒயரை மடியில் செருகிக்கொண்டு, நசுங்கிய கூடையிலிருந்த கூழையெல்லாம் டிரைவர் சீட்டில் கொட்டினாள்.

"மொதல்ல இத்த கய்வு. அப்பால பிரேக்கப் பாரு. நான் இங்கதான் குந்தினு இருப்பேன்."