ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே அமெரிக்கா

எங்கள் வீட்டில் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கை போகிறது. சில வீடுகளுக்கு மேலே மின்கம்பி போவதைப் போல. வீட்டை விற்றவர் இதைச் சொல்லித்தான் விற்றார்.

வழக்கமாகத் தொந்தரவு இல்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை நிலைப்படி லேசாக அதிரும். என் மனைவி சலேத்தம்மாள் பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் அவளுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதத்துக்கு தினம் ஆறு வேளை சொட்டு மருந்து விடவேண்டும் என்றார் டாக்டர். "ஒரு வேளை தவறினாலும் கண் சிவக்கும். நீங்களே கையைக் கழுவிட்டு விடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

பாளையங்கோட்டைக்கு ஆட்டோவில் திரும்பி வந்தோம். நான் முன்வாசல் வழியாக ஹாலுக்குப் போனேன். அவள் கொல்லை வழியாக அடுப்படிக்குப் போனாள். அதற்குள் நிலைப்படியில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தடித்த கோப்பு இருந்தது.

"நான் உலகம்மாள். கொள்கை வாசிக்கிற அலுவலர்" என்றாள். "இந்த வருஷம் மறுவாசிப்பு. முதல் ஜனாதிபதியில இருந்து ஒவ்வொருத்தரா அமல்படுத்தணும்."

"எத்தனை பேரும்மா?"

"நாப்பத்துச் சொச்சம் பேர். ஒரு மாசத்துல முடிஞ்சிரும்."

அவள் முதல் பக்கத்தை வாசித்தாள். எந்த நாட்டோடும் நிரந்தரக் கூட்டு வேண்டாம் என்று முதல் ஜனாதிபதி சொல்லியிருந்தார்.

"கல்யாணம் நிரந்தரக் கூட்டுல வருமா?" என்று கேட்டேன்.

அவள் புரட்டிப் பார்த்தாள். "வருது. ஆனா அவசரத்துக்குத் தற்காலிகக் கூட்டு வச்சுக்கிடலாம்னு எழுதியிருக்கார். ஒரு சொட்டுக்கு ஒரு படிவம். கொல்லை வழியா சுத்திப் போனாலும் எல்லை எல்லைதான்."

ஆறு படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும் முன்னால் நானும் சலேத்தம்மாளும் கூட்டுச் சேர்ந்தோம். சொட்டு விழுந்ததும் பிரிந்தோம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் ஒரே நாளில் ஆறு முறை அவள் எனக்குச் சம்மதம் சொன்னது அன்றுதான்.

ஐந்தாவது ஜனாதிபதியிடம் சிக்கல் வந்தது. உலகத்தில் தங்கள் பாதியில் வெளியாட்கள் தலையிடக் கூடாது என்று அவர் அறிவித்திருந்தார். உலகம்மாள் அதை வாசித்து முடித்ததும் நிலைப்படி அகன்றது. நடுவில் பன்னிரண்டு அடிக்குக் கடல். உப்பு வாடை அடித்தது.

மருந்துச் சீசாவை அந்தப் பக்கம் எறிந்தேன். பிடித்துக்கொண்டாள்.

"கன்னத்துல விழுந்துட்டுங்க" என்றாள்.

"ஏளா, மேல பாரு."

"மேல என்ன இருக்கு?"

"பரண்."

"அதுக்கும் மேல?"

"ஓடு. அதுக்கும் மேல ஒரு புறா உட்காந்திருக்கு. அதைப் பாரு."

அவள் புறாவைப் பார்த்தாள். இந்த முறை சொட்டு கண்ணில் விழுந்தது. எனக்கு எட்டாத இடத்தில் விழுந்ததில் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கடல் பல நாள் வற்றவில்லை. பிறகு ஒரு ஜனாதிபதி வந்தார். மெல்லப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள் என்பது அவர் கொள்கை. உலகம்மாள் அன்றைக்கு முழுவதும் குசுகுசுவென்றுதான் பேசினாள். பக்கத்தில் பதினைந்து அடி மூங்கில் தடி சாத்தியிருந்தது.

"இதை இரவல் தாறீங்களா?" என்று குசுகுசுத்தேன்.

"அடிக்கவா?"

"மருந்து விடுததுக்கு."

அப்படி ஒரு உபயோகம் கோப்பில் இல்லை. தடுக்கவும் விதி இல்லை. சலேத்தம்மாள் சீசாவைத் திருப்பி எறிந்தாள். நான் அதைத் தடியின் நுனியில் கட்டி, ஒரு நூலை இழுத்தால் கவிழும்படி செய்தேன். நான் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன். முட்டுகிற மாட்டுக்கு எட்ட நின்று மருந்து விட்டுப் பழக்கம். தடி கடலைத் தாண்டிப் போனது. சலேத்தம்மாள் முகத்தைத் தூக்கி அசையாமல் நின்றாள்.

"மாட்டுக்கும் இப்படித்தானா?"

"மாடு இவ்வளவு பேசாது."

அவள் சிரித்ததில் ஒரு சொட்டு வீணாயிற்று.

ஒருவர் பதினான்கு அம்சங்கள் எழுதி அனுப்பினார். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். மேசையும் வந்தது. அவருடைய நாடே அதில் உட்கார மறுத்துவிட்டதாம். மாலையில் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நல்ல அண்டை வீட்டாராக இருக்கவேண்டும் என்றவர் வந்த நாட்களே நல்ல நாட்கள். கடல் சுருங்கி ஒரு முழ உயரச் சுவராயிற்று. நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனோம். சலேத்தம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு சுவரோரம் வந்து நிற்பாள்.

"அண்ணாச்சி, மருந்து விடுதீங்களா?"

"விடுதேன். உங்க வீட்டுல யாரும் இல்லியா?"

"இருக்கார். அவர் கொஞ்சம் கோவக்காரர்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "ரொம்பக் கோவப்படுவாரா?" என்று கேட்டேன்.

"பேசாம இருப்பார். அதான் கோவம்."

மருந்து விட்டேன். சுவருக்கு மேல் ஒரு கிண்ணம் ரசம் தந்தாள். யாரோ ஒருவருடைய மனைவி வைத்த ரசம் போல, வெகு ருசியாக இருந்தது.

பிறகு உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஹால் ஒரு முகாமில் சேர்க்கப்பட்டது. அடுப்படி எதிலும் சேர மறுத்தது. "நான் சோறு வடிக்கணும். எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்றாள் சலேத்தம்மாள். இரு தரப்பும் அவளுக்குக் கோதுமை அனுப்பின.

ஒரு காலையில் நிலைப்படியில் போர்க்கப்பல் நின்றது. அடுப்படிக்கு எதுவும் போகக்கூடாது. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். உலகில் அது பதிமூன்று நாள் நீடித்தது, இங்கே பதிமூன்று மணி நேரம் என்றாள் உலகம்மாள். காலைச் சொட்டு போயிற்று. பத்து மணிச் சொட்டும் போயிற்று.

"என்னங்க" என்று கப்பலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது."

"உலகம்மா, அவ கண்ணு போயிரும்."

"எனக்கு அதிகாரம் இல்லை சார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சமயம் ரெண்டு வல்லரசுமே ஒருத்தர் மேல ஒருத்தர் குறிவச்சிருந்த ஏவுகணையை எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் வெளிப்படையா. இன்னொருத்தர் ரகசியமா. உங்க பக்கம் அவங்களைக் குறிபாத்து எதாவது இருக்கா?"

இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். பீரோவைத் திறந்தேன். குளிர்காலப் போர்வைக்குப் பின்னால் அது இருந்தது. 'உன்னாலதான்' என்ற சொல். எங்கள் மகள் ஜெனோவா வீட்டைவிட்டுப் போன அன்று வாங்கியது. பத்தொன்பது வருடமாக அடுப்படியைப் பார்த்தே வைத்திருந்தேன். ஒருமுறைகூடச் சொன்னதில்லை. துடைத்து மட்டும் வைத்துவந்தேன்.

தூக்கினால் நாலு கிலோ இருக்கும். வேட்டியில் சுற்றி, முன்வாசல் வழியாகக் கொண்டுபோய், குப்பை வண்டியில் போட்டேன். "மக்குமா, மக்காதா?" என்று வண்டிக்காரம்மா கேட்டார்.

"தெரியலம்மா."

"அப்போ தனியா வைங்க."

திரும்பும்போது பக்கத்துச் சந்தில் சலேத்தம்மாளைப் பார்த்தேன். கொல்லை வழியாக வந்திருந்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, முந்தானையால் மூடிய எதையோ இரண்டு கையாலும் சுமந்துகொண்டு போனாள். என்னுடையதைவிடக் கனமானது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கப்பல் போயிருந்தது. தரை ஈரமாக இருந்தது. அவள் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சொட்டு விட்டேன். கண் சிவந்திருந்தது. கீழிமையைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றேன்.

"விட்டாச்சில்ல?" என்றாள்.

"ஆச்சு."

"அப்போ ஏன் பிடிச்சிருக்கீங்க?"

"சும்மாதான்."

அதன் பிறகு ஜனாதிபதிகள் வேகமாக மாறினார்கள். ஒருவர் யாரும் பேசாத பெரிய நாட்டோடு பேசப் போனார். அதற்கு முன்னோட்டமாக நாங்கள் மேசைப் பந்து ஆடினோம். அவள் ஒற்றைக் கண்ணோடு ஜெயித்தாள். ஒருவர் தூர தேசத்துச் சண்டைகளுக்கு ஆள் கேட்டார். நான் கண் வைத்தியம் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவர் எல்லா ஒப்பந்தத்திலிருந்தும் விலகினார். அடுத்தவர் திரும்பச் சேர்ந்தார். நாங்களும் விலகினோம், சேர்ந்தோம். ஒரு கட்டத்தில் எல்லை தாண்டும் சொட்டுக்கு வரி வந்தது. ஆறில் ஒரு சொட்டு. உலகம்மாள் தலையைச் சாய்த்துத் தன் கண்ணில் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் எரியுது சார். ஒரு மாசமா வாசிக்கேன்."

மறுநாளிலிருந்து வரிக்கு ஒரு சொட்டு சேர்த்தே விட்டேன்.

முப்பதாம் நாள் மத்தியானம் கோப்பு முடிந்தது. உலகம்மாள் நாடாவைக் கட்டினாள்.

"அடுத்தவர் என்ன சொல்றார்?"

"அவர் இன்னும் யாருன்னே தெரியாது. சாயங்காலத்துக்குள்ள சொல்லுவாங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கொள்கை இல்லை." நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கொள்கை இல்லாததால் நிலைப்படிக்கு அளவும் இல்லாமல் போயிற்று. அது நீண்டது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் பொட்டல் காடு தெரிந்தது. அங்கங்கே முள்ளோடு உடைமரங்கள் நின்றன. தொலைவில் அடுப்படி வாசல் ஒரு தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. அதில் ஒரு புள்ளி நகர்ந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். அரை மணி நேரம் நடந்ததும் புள்ளி சேலையாயிற்று. அவளும் நடந்து வந்துகொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தாள்.

நடுவில் சந்தித்தோம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்வளவு நரைச்சுட்டுதா உங்களுக்கு?"

"எப்பவோ."

"சொல்லவே இல்ல."

ஒரு உடைமரத்தடியில் கல் கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள்.

"ஜெனோவாவுக்கு ஒரு போன் போடுவமா?" என்றாள்.

"எடுப்பாளா?"

"எடுக்காட்டி நாளைக்கும் போடுவம்."

நான் சட்டைப்பையில் போனைத் தேடினேன்.

"இது எந்த நாட்டு எல்லைங்க?"

"தெரியலளா."

அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு இடம் இருந்தது.