தூபாவுக்கு ஊர் பார்த்த கதை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு பெட்டி வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. தி. நகரில் உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. அங்கே சக்கரம் வைத்த பயணப் பெட்டிகளை வாசல் வரை அடுக்கி வைத்த ஒரு கடை. நான் வெளிநாடு எங்கும் போகவில்லை, இதுவரை போனதும் இல்லை. கம்பளிகளைப் போட்டு வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. சென்னையில் கம்பளி எதற்கு என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிக் கதை இருக்கிறது.

பேரம் சூடுபிடித்த நேரத்தில் கடைக்காரருக்கு வீடியோ கால் வந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு தெருவில் நின்றுகொண்டு ஒரு பையன் பெட்டியின் கழன்ற சக்கரத்தைக் காட்டினான். கடைக்காரர் என்னை அம்போவென்று விட்டுவிட்டார். "சாவி கீதா? அத்த உள்ள வுட்டு ஒரு திருப்பு திருப்பு நைனா. அவ்ளோதான்!" சக்கரம் மாட்டிக்கொண்டது. "சாப்டியா? அம்மாகிட்ட பேசுனியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைத்தார்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் புளுகு. கடைக்காரருக்கு மெஹபூப் அலி என்று பெயர் வைத்தேன். ஷம்ஷாத் என்று ஒரு மனைவியைக் கொடுத்தேன், தூபா என்று ஒரே மகளையும் கொடுத்தேன். அந்த மகளுக்கு ஒரு சிக்கலைக் கொடுக்காமல் விட்டால் நான் என்ன எழுத்தாளன்?

2

தொடக்கங்கள்.

"ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தூபா மடிக்கணினியை மூடிவிட்டு—"

(வேண்டாம். கதை தொடங்கும்போது மட்டும்தான் சென்னையில் இப்படித் தவறாமல் மழை பெய்கிறது.)

"பறவைகளுக்கு எல்லைகள் ஏது? தூபாவும் ஒரு—"

(இதை எழுதிய கை எனக்குச் சொந்தமானது என்பதே வெட்கக்கேடு.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தூபாவுக்கு முப்பதை நெருங்கும் வயது. மீர்சாகிப்பேட்டை வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் அவளுடைய ஆபீஸ். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சொல்வது வேலை. ஒரு வருடம் உலகத்தில் எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி அவளுக்கு அனுமதி கொடுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும். (விசாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தக் கதையில் விசா கொடுப்பவன் நான்.)

அவள் ஏன் போக வேண்டும்? நல்ல கேள்வி. ஒரு ஞாயிறு மாலை தூபா அடையாறு பக்கம் வேலையாகப் போனவள், அப்படியே பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடந்தாள். மணலில் உட்கார்ந்து ஒரு மக்காச்சோளம் தின்றாள். வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது.

"பீச்ல யாரு கூட இருந்தே?" என்றார் ஷம்ஷாத்.

"யாரும் இல்ல அம்மி. தனியாத்தான் இருந்தேன்."

"அதான் கேக்குறேன். ஏன் தனியா இருந்தே?"*

அவளை யாரும் அடைத்து வைக்கவில்லை. மருந்துக்கடையில், ஆட்டோவில், தையல்காரரிடத்தில், எங்கே போனாலும் "மெஹபூப் பாய் பொண்ணுதானே?" என்ற ஒரு கேள்வி காத்திருக்கும். அதிலும் அன்புதான் இருந்தது. ஒரே ஒரு வருடம் அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் தான் யாராக இருப்போம் என்று பார்க்க அவளுக்கு ஆசை. நெஞ்சு வலிக்கும் அளவுக்கு ஆசை.

* வீட்டில் பேச்சு பாதி உருது, பாதி தமிழ். முழுத் தமிழாக்கிய பாவம் என்னுடையது.

3

இங்கே அப்பாவை வில்லனாக்குவது என் திட்டம். எழுதியும் பார்த்தேன்.

"மெஹபூப் அலி மேசையில் ஓங்கி அடித்தார். 'பொம்பளப் புள்ள தனியா—'"

அடுத்த வார்த்தை வரவில்லை. பனியில் நிற்கும் பையனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டவர் எப்படி மேசையில் அடிப்பார்? அவர் ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டார். "போய்ட்டு வாம்மா. ஊர மட்டும் நான் விசாரிச்சிடுறேன்."

தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அவருடைய போனில் ஆட்களின் பெயர்கள் கிடையாது. போன ஊரும் வாங்கிய பெட்டியின் நிறமும்தான் இருக்கும். தோஹா சிவப்பு. டொராண்டோ சாம்பல் பெரிசு. சக்கரத்துக்கும் பூட்டுக்கும் ஆயுசு முழுக்கப் பொறுப்பு என்று சொல்லி விற்கிறவர், ஆகவே உலகம் முழுவதிலும் இருந்து அவருக்கு அழைப்பு வரும். மகளுக்கு ஊர் பார்ப்பது என்றால் அவருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை பார்ப்பதுபோல நாலு பேரிடம் விசாரிப்பது.

தூபா திங்களன்று திபிலிசி என்றாள்.

"திபிலிசி பச்சை கீறானே! டாக்டருக்குப் படிச்சிக்கினு கீறான். ஏர்போர்ட்டுக்கே வந்துடறேன்னான். ஊரு ஓகேம்மா."

"குளிர் ஜாஸ்திப்பா," என்றாள் தூபா.

அடுத்து டா நாங் என்றாள். டா நாங் ஊதா என்ற தம்பதி அங்கே இட்லிக்கடை போட்டிருப்பது தெரியவந்தது. மாடி அறை காலியாம். பாஷை கஷ்டம் என்றாள் தூபா.

செவ்வாயன்று லிஸ்பன் என்றாள். லிஸ்பன் கறுப்பு என்பவர் கொட்டிவாக்கத்து மிக்கேல். அங்கே ஓர் ஓட்டலில் சமையல்காரர். விஷயம் தெரிந்ததும் அவருடைய அம்மா தேசம்மா பஸ் பிடித்து மீர்சாகிப்பேட்டைக்கே வந்துவிட்டார். "வஞ்சிரக் கருவாடு, கொஞ்சந்தாம்மா. ஒரு ஓரமா வெச்சிக்கினு போ. அவன் தெனம் உன்ன வந்து பாத்துக்குவான்." தூபா லிஸ்பனையும் வேண்டாம் என்றாள். கருவாட்டால் அல்ல. 'தெனம்' என்ற சொல்லால்.

(இங்கே லிஸ்பனைக் கொஞ்சம் வருணிக்கலாம் என்று உட்கார்ந்தேன். "தூபா கண்ணை மூடி அந்தத் தெருவைக் கற்பனை செய்தாள். மேட்டில் ஏறும் டிராம், மஞ்சள் சுவர்கள், முனையில் ஓர் இளநீர் வண்டி—" லிஸ்பனில் இளநீர் வண்டி உண்டா? கோட்டூர்புரம் நூலகத்தில் படம் படமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். என்ன செய்ய, எந்த ஊரை எழுதினாலும் அடையாறு எல்.பி. ரோட்டின் ஒரு துண்டு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.)

"மாப்பிள்ளைங்களுக்கே இவ இவ்ளோ குறை சொல்லல," என்றார் மெஹபூப் அலி.

"சொன்னா. நீங்க கேக்கல," என்றார் ஷம்ஷாத்.

புதனன்று தூபா உலகப் படத்தை விரித்து வைத்து, அதன் கீழ்க் கோடியில் ஒரு சின்னத் துறைமுகத்தைப் பிடித்தாள். பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கும். அதற்குக் கீழே பெங்குவின்கள்தான். பகல் முழுக்க அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. அவள் மேசையிலேயே தாளம் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். சாயங்காலம் அப்பா படியேறி வரும்போதே குரல் கேட்டது.

"கெடச்சிட்டான்மா! நம்ம கடைல வாங்கல, எதிர்க்கடைல வாங்குனவன். இருந்தாலும் நல்ல பையன்!"

தூபா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சிரிப்புக் கதை எழுத வந்தவன் நான். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

4

வியாழன் மாலை அவள் கடைக்கே போனாள். வீட்டில் வைத்து இதைப் பேச முடியாது. மெஹபூப் அலி ஒரு பெட்டியைத் துடைத்து அதன் மேலேயே அவளை உட்கார வைத்தார்.

"அப்பா, எனக்கு யாருமே இல்லாத ஊரு வேணும்."

"யாருமே இல்லாத ஊர்ல பால் யாரும்மா ஊத்துவா?"

"வெளையாடாதீங்க. நம்மளத் தெரிஞ்சவங்க யாரும் இருக்கக் கூடாது. நீங்க ஆள் கண்டுபிடிச்ச அந்த நிமிஷமே அந்த ஊரு எனக்கு மீர்சாகிப்பேட்டை ஆயிடுது."

அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஜுரம் வந்தா?"

"மாத்திரை போட்டுக்குவேன்."

"வழி தெரியலன்னா?"

"சுத்துவேன்."

"அழுகை வந்தா?"

அவள் சந்தில் போகும் வண்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அழுவேன்ப்பா. அழுதேன்னு உங்களுக்கு யாரும் போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்க. எனக்கு அதுதான் வேணும்."

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணல. அதனாலதான் இத்தன நாளா சொல்ல வரல."

அவருக்கு வலித்தது. அதை மறைக்கும் சாமர்த்தியம் அவருக்கு இல்லை. உலகம் முழுக்க மகளுக்காக விளக்கு ஏற்றி வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு விளக்கையும் அவள் போலீஸ் டார்ச்சாகப் பார்த்தாள் என்று அப்போதுதான் புரிந்துகொண்டார்.

5

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன, மூன்றும் சரியில்லை.

அ) அவள் கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த ஓர் அறையை வாடகைக்கு எடுக்கிறாள். வெளிநாடு என்பது வெளியே இல்லை, நமக்குள்ளே இருக்கிறது என்று உணர்— (நமக்குள்ளே குடல்தான் இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

ஆ) போகிறாள். ஜுரத்தில் விழுகிறாள். முகம் தெரியாத ஒரு தமிழர் ரசத்தோடு வந்து கதவைத் தட்டுகிறார். அவள் விம்மி விம்மி அழுது, அப்பாவின் அருமையை உணர்கிறாள். (பரிசு கிடைக்கக்கூடிய முடிவு. ஆனால் இதை எழுதினால் தூபா என் சட்டையைப் பிடித்து உலுக்குவாள், அதில் நியாயமும் இருக்கும்.)

இ) அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு, கடைசிப் பெஞ்சு மாணவனைப்போல மேசைக்கு அடியில் வைத்து ஒரு மெசேஜ் அனுப்பிவிடுகிறார். (தி. நகர் வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் முந்தாநாள் வரை பிடித்திருந்தது.)

உண்மையில் நடந்தது வேறு. (புளுகில் ஏது உண்மை என்று கேட்பவர்கள் அடுத்த வரிக்குப் போங்கள்.) வெள்ளிக்கிழமை மெஹபூப் அலி ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார். தூபா அவர் காதருகே குனிந்து ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். நான் அப்போது (ஆ)வை இன்னும் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அவருடைய கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்தார். கட்டை விரல் திரையின் மேல் நின்றது. தூபா அவரைப் பார்க்காமல் மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஷம்ஷாத், இத கொஞ்ச நேரம் நீ வெச்சிக்கோ," என்று போனை மனைவியிடம் நீட்டினார். "நான் கேட்டாலும் குடுக்காத."

ஷம்ஷாத் அதை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். மெஹபூப் அலி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, பிரியாணியை அளைந்துகொண்டே இருந்தார். தூபா கம்பெனிக்குப் பதில் அனுப்பினாள்.

6

எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுதும் கதையில் எனக்குத் தெரியாமல் ஓர் ஊரா? மறுநாள் நானே கதைக்குள் இறங்கிக் கடைக்குப் போனேன்.

"எந்த ஊரு பாய்?"

"எதுக்கு சார்?"

"கதைக்கு முடிவு வேணும்."

"எழுதுனா யாரு படிப்பாங்க?"

"நாலு பேர் படிப்பாங்க," என்றேன், எழுத்தாளனுக்கு உரிய அடக்கத்தோடு.

"அந்த நாலு பேரு எங்கெங்க கீறாங்க?"

யோசித்துச் சொன்னேன். டாலஸில் ஒருவர், மெல்போர்னில் ஒருவர், பெர்லினில் என் கதைகளைத் திட்டுவதற்காகவே படிக்கும் ஒருவர். நாலாவது ஆளைச் சொல்வதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாத்தியா? ஊர் பூரா ஆள் வெச்சிக்கினு என்னாண்ட வந்து கேக்குற," என்றார். பன்மையும் மரியாதையும் போயிருந்தன. "சொல்ல மாட்டேன் நைனா. கெளம்பு."

வாசகரே, ஆகையால் இந்தக் கதையை முடிக்க என்னால் ஆகாது. நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த ஊராகவே இருக்கலாம். ஏதோ ஒரு நாள், காபிக் கடையில், பக்கத்து மேசையில் ஒரு பெண் போனில், "சாப்பிட்டேன்ப்பா, நெஜமாத்தான் சாப்பிட்டேன்," என்று சொல்வது உங்கள் காதில் விழும். பேசி முடித்துவிட்டு அவள் அழலாம், சிரிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். உங்கள் நாக்கு துறுதுறுக்கும். நீங்க தமிழா? மெட்ராஸா? மெட்ராஸ்ல எங்க? உங்க அப்பா பேரு?

கேட்டால் ஒரு முடிவு. கேட்காவிட்டால் இன்னொன்று. மெஹபூப் அலிக்காவது போனை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு ஷம்ஷாத் இருந்தார். உங்கள் வாயை யார் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கவலை.